வெளிக்கிடுறவனை எங்கே என்று கேட்கக்கூடாது

அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் செருப்பைக் கொழுவிக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டால், பிறகு அவரைப் பார்த்து 'எங்கை போறாய்' என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறிந்தே ஆகவேண்டுமென்றால் 'தூரமோ?' என்று கேட்கலாம். அதற்கு மேல் யாராவது வாய் திறந்தால், போகிறவரை அம்மா திரும்ப உள்ளே கூப்பிட்டு இருத்தி, ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுத்துத்தான் அனுப்புவார். எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் இந்த ஐம்பத்தாறு வயதில் திரும்பிப் பார்த்தால், நம்பாத அந்தச் சட்டத்தைத்தான் என் தொழிலில் இருபத்திரண்டு வருடமாகப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு பாமசிக்குப் பக்கத்தில், எட்டடி அகலத்தில் ஓர் அறை. ஒரு கணினி, ஒரு பிரின்டர், முத்திரை, மைப்பெட்டி, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், மரண அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி என்று தமிழில் வருவதையெல்லாம் ஆங்கிலமாக்கிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது வேலை. வருகிறவர்கள் எந்தப் பத்திரம் என்று சொல்வது குறைவு. நாட்டைத்தான் சொல்வார்கள். "ஐயா, கனடாவுக்கு மூண்டு." "லண்டனுக்கு ரெண்டு, நாளைக்குத் தாறியளோ?" நானும் நாட்டின் பெயரை உறையில் எழுதி வைப்பேன். அந்த உறைகளைப் பார்த்தால் எந்த ஆண்டில் எந்தக் கதவு திறந்திருந்தது என்று சொல்லிவிடலாம். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவி, பெற்றோலுக்கும் காஸுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் வாங்கில் இருக்க இடமில்லை, ஆட்கள் வாசலில் நின்றார்கள். 2023இல் எல்லா உறையிலும் கனடா, விசிட்டர் விசா. அதற்கு அடுத்த வருடம் லண்டன்.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரையும் நான் 'ஏன் போறியள்' என்று கேட்டதில்லை. கேட்பது என் வேலையும் அல்ல. சவப்பெட்டி செய்கிறவர் செத்தவரின் வியாதியைக் கேட்பாரா? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், 2024 சித்திரை வரைக்கும்.

இதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. 1988இல் என் அண்ணா வெளிக்கிட்டபோது அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? சண்டைக் காலம். வீட்டில் நின்றால் ஒன்றில் அவர்கள் பிடிப்பார்கள், அல்லது இவர்கள் பிடிப்பார்கள். விடிய நாலு மணிக்கு ஒரு கைப்பையோடு போனார், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பாரிசிலிருந்து கடிதம் வந்தது. 1993இல் அப்பா மோசம்போனபோது அவரால் வரமுடியவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில் அம்மா நகையைவிட முதலில் தூக்கியது உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் இருந்த சொப்பிங் பாக்கைத்தான். அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. பத்திரத்தைத் தூக்கு, நட, பிறகு யோசிக்கலாம். ஓடுகிறவனுக்கு அது சரியான புத்தி. ஆனால் இப்போது என் வாங்கில் வந்து இருக்கிறவர்கள் ஓடுகிறவர்கள் அல்ல. ஆறு மாதம், எட்டு மாதம் எடுத்து, காசு சேர்த்து, ஆங்கிலச் சோதனை எழுதி, நாள் பார்த்துப் போகிறவர்கள். அவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. நாங்கள்தான் இன்னும் அந்த இரவில் நடக்கிற மாதிரியே அவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

லண்டனுக்கு நாலு

2024 வருடப்பிறப்புக் கழிந்து இரண்டாவது கிழமை, பின்னேரம். முப்பத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி வந்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. "லண்டனுக்கு நாலு, அண்ணை" என்று பிளாஸ்ரிக் பைலை மேசையில் வைத்தார். அவரது பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, மனைவியின் பிறப்புப் பத்திரம், ஒன்றரை வயதுப் பிள்ளையின் பிறப்புப் பத்திரம். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறார். பராமரிப்பு விசாவுக்கு அவரது பத்திரம் ஒன்று போதுமே என்று நினைத்துக்கொண்டு, வழமையில் கேட்காத நான் அன்று கேட்டுவிட்டேன்.

"மற்ற மூண்டும் என்னத்துக்குத் தம்பி?"

"நான் போய் ஆறு மாதத்திலை இவையளையும் கூப்பிடலாமாம் அண்ணை. ஏஜென்சியிலை சொன்னவை. இப்பவே செய்து வைச்சா பேந்து அலையத் தேவையில்லைத்தானே."

எனக்குத் தெரியும். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் திகதியிலிருந்து பராமரிப்பு வேலை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கமுடியாது என்று பிரித்தானியா சட்டத்தை மாற்றிவிட்டது. மாசி மாதம் ஒருவர் 'பதினோராம் திகதிக்கு முதல் போடவேணும் ஐயா' என்று இரவு எட்டரை மணிவரை என் வாசலில் நின்று பத்திரங்களை வாங்கிக்கொண்டு போனதால் எனக்கு அது நன்றாகவே தெரியும். இவர் வந்தது அதற்கு ஆறு கிழமை கழித்து.

பைலுக்குள்ளிருந்து நாலு பத்திரத்தையும் எடுத்தபோது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்து வந்தது. ஈட்டு உறுதியின் பிரதி. கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணி, மனைவிக்குத் தாய் எழுதிக்கொடுத்த சீதனம், முப்பது லட்சத்துக்கு ஈடு. கணவனும் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தார். "இதையும் செய்யிறதோ?" என்றேன். "ஐயோ இல்லை அண்ணை, அது மாறி வந்திட்டுது" என்று அவசரமாக வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பிரின்டர் நாலாவது தாளை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் வாங்கில் முன்னுக்கு வந்து இருந்துகொண்டு கேட்டார்: "அண்ணை, நீங்கள் எத்தினை பேரைப் பாத்திருப்பியள். என்ன நினைக்கிறியள், போறது சரிதானே?"

என் கையில் முத்திரை இருந்தது. மையில் ஒற்றி, தாளில் வைத்து, ஊதிக் காயவிட்டேன். அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மூன்று விஷயம் இருந்தது. குடும்பத்தைக் கூப்பிட ஏலாது, போய் விசாரி. அங்குள்ள முதலாளி விசாவுக்குக் கொடுக்கிற ஸ்பொன்சர் கடிதத்துக்கு இவ்வளவு காசு வாங்குவது முறையில்லை. போகமுதல் காணிக்கு ஒரு அற்றோர்ணித் தத்துவம், அதாவது உனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. மூன்றையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் சொன்னது, "நல்லது தம்பி. நல்லபடியாப் போட்டு வா." நாலு பத்திரத்துக்கும் ஆறாயிரம் ரூபாய் வாங்கினேன். அதில் நாலாயிரத்து ஐந்நூறு, ஒருபோதும் தேவைப்படப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே நான் மொழிபெயர்த்த மூன்று தாள்களுக்கு.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். அம்மாவின் சட்டத்தில் பழியைப் போடுவது வசதியானது. உண்மை அதைவிடச் சின்னது. சொன்னால் அவர் பைலை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார் என்ற பயம் ஒன்று. 'உவர் ஆர் எனக்குச் சொல்ல' என்று நினைப்பாரோ என்ற கூச்சம் ஒன்று. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவனிடம் நல்ல வார்த்தை தவிர வேறொன்று சொன்னால் அதற்குப் பெயர் எரிச்சல்.

ஆறு லட்சம் என்கிற கணக்கு

அவர் ஆனியில் போனார். ஏஜென்சிக்குக் கொடுத்தது நாற்பத்தைந்து லட்சம். அதில் முப்பது ஈட்டுக் காசு, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. ஒரு ஸ்பொன்சர் கடிதத்துக்கு அங்குள்ள முதலாளி தன் அரசாங்கத்துக்குக் கட்டுகிற கட்டணம் அப்போது 239 பவுண், எங்கள் காசில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆளை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கு இன்னொரு கட்டணமும் உண்டு, அதுவும் முதலாளியின் தலையில்தான். இது இரகசியமல்ல. அனுமதி பெற்ற முதலாளிகளின் பட்டியல்கூடப் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். எங்களில் யார் பார்க்கிறோம்? மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறையைத் துருவுகிறவர்கள், நாற்பத்தைந்து லட்சம் கொடுக்கிற கொம்பனியின் பெயரைக் கூகிளில் அடித்துப் பார்ப்பதில்லை.

சம்பளக் கணக்கையும் நாங்கள் ஒரே விதமாகத்தான் போடுகிறோம். அந்த விசாவுக்கு 2024 சித்திரையிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் வருடம் 23,200 பவுண். வரி போக மாதம் ஆயிரத்து அறுநூறு சொச்சம் கைக்கு வரும். அதை நானூறால் பெருக்கினால் ஆறு லட்சத்துக்கு மேல். 'மாதம் ஆறு லட்சம்!' என்று திண்ணையில் இருக்கிற கிழவரிலிருந்து எல்லோரும் வாய் பிளப்போம். வருகிற காசை நானூறால் பெருக்குகிறவர்கள் செலவை மட்டும் பெருக்குவதில்லை. அறை வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீற்றர், போன். வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலையென்றால் கார் வேண்டும். எங்கள் லைசென்ஸில் அங்கே ஒரு வருடம்தான் ஓடலாம், பிறகு அங்கேயே சோதனை எழுதிப் பாஸ் பண்ணவேண்டும். இதெல்லாம் போக இங்கே மாதம் தொண்ணூறாயிரம் வட்டி. அதுவும் கடிதத்தில் எழுதியிருந்த முப்பத்தொன்பது மணித்தியாலம் கிடைத்திருந்தால். அவருக்குச் சில கிழமைகளில் கிடைத்தது பதினெட்டு.

கொடியேறிய கிழமை

2025இல் நல்லூர்க் கோயிலில் கொடி ஏறிய அந்தக் கிழமை, சந்தி முழுக்கக் காவடிச் சத்தமும் கச்சான் கடையுமாக இருந்தபோது, அவரது மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் பிறந்த திகதியை நான்தான் ஒரு வருடத்துக்கு முன் ஆங்கிலத்தில் அடித்தேன். அது இப்போது மைப்பெட்டியைத் திறக்கப் பார்த்தது.

"அண்ணை, அவருக்கு அங்கை கொம்பனியின்ரை ஆளெடுக்கிற லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்களாம். அறுபது நாளுக்குள்ளை வேறை முதலாளியைப் பிடிக்கவேணுமாம், இல்லாட்டி வெளிக்கிடவேணுமாம்." அந்தச் சட்டமும் எனக்குத் தெரியும். இவர் வந்தது அதற்கல்ல. வட்டி ஏறுகிறது, காணியை விற்று ஈட்டை மீட்டுவிட்டு மிச்சத்தை வைத்திருக்கலாம் என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள். வாங்க ஆளும் வந்திருக்கிறது. "நொத்தாரிசு ஐயா, அவரின்ரை சம்மதம் எழுத்திலை இல்லாமல் உறுதி முடிக்க ஏலாது எண்டுறார். என்ரை அம்மா எனக்குத் தந்த காணி அண்ணை. நான் விக்கிறதுக்கு அவர் லண்டனிலையிருந்து கையெழுத்து வைக்கவேணுமோ?"

வைக்கவேண்டும். எங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான, 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையும், அதன்மேல் 1911இல் வந்த கட்டளைச் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. பெண்ணின் பெயரில் உள்ள அசையாச் சொத்தானாலும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அதை விட்டால் மாவட்ட நீதிமன்றம். இது நியாயமா என்று கேட்டால் என் பதில் வேறு, அது இன்னொரு நாளைக்கு. ஆனால் சட்டம் இதுதான் என்று தெரிந்தவன், அந்த ஈட்டு உறுதியைக் கையில் பிடித்துப் பார்த்தவன், வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினவன் அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன்.

பிறகு நடந்தது இழுபறி. அவர் இருந்தது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரம். அற்றோர்ணித் தத்துவத்தில் கையெழுத்து வைக்க லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகவேண்டும். ஓடி ஓடி வேலை தேடவேண்டிய அறுபது நாளில் இரண்டு நாளும், றெயின் காசும் அதற்குப் போயின. பத்திரம் கூரியரில் இங்கே வந்து, பதிவாகி, நொத்தாரிசிடம் போய்ச் சேர்ந்தபோது முதலில் வந்த ஆள் இணுவிலில் வேறு காணி வாங்கிவிட்டார். அடுத்து வந்தவர் இவர்களின் அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைத்தார். இதே பத்திரத்தை அந்தத் தம்பி போகமுதல், இங்கே, அரைநாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அவருக்கு ஐம்பத்தோராவது நாள் வேறொரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. இரவு வேலை. 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள், உள்ளே நிற்கிறவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் மாறலாம். அந்த வழியில் தப்பினார். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அந்த மூன்று தாளும் அவர்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன.

இந்தப் பக்கத்துப் பைல்

அதற்குப் பிறகு என்னிடம் வருகிற பைல்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். எல்லாப் பைலும் அந்தப் பக்கத்துக்கானது. அந்த நாடு கேட்பதெல்லாம் அதில் இருக்கும், நாலு பிரதியோடு. விட்டுவிட்டுப் போகிற இந்தப் பக்கத்துக்கு என்று ஒரு தாள்கூட இருக்காது. அம்மாவுக்கு இரவில் நெஞ்சு நோவு வந்தால் யார் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? வங்கியில் உள்ள காசை எடுக்க இன்னொருவருக்குக் கையெழுத்து அதிகாரம் இருக்கிறதா? பூட்டிவைத்த வீட்டின் வேலியை யார் பார்ப்பது? எங்கள் ஊரில் ஆளில்லாக் காணியின் எல்லைக் கதியால்களுக்குக் கால் முளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், வருடத்துக்கு அரையடி நடக்கும். பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் அவர் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம் என்பதும் தெரியும். தெரிந்தும், திறப்பைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு ஏறிவிடுகிறோம். மாமிக்கு எழுபத்தெட்டு வயது.

நீண்ட காலம் நிற்கப்போகிறவர்கள் யோசிக்காத இன்னொன்று குடியுரிமை. அங்கே பிரஜையானால் இங்கே உள்ளது தானாகவே போய்விடும், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து எடுத்தால்தான் உண்டு. எடுக்காதவர் சட்டப்படி வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதமுடியாது. பெற்றோரின் சொத்து முதுசமாக வருவதற்கு விலக்கு இருக்கிறது. ஆனால் 'ஓய்வெடுத்தபிறகு வந்து நல்லூரடியில் ஒரு துண்டு வாங்கிக் குடியிருப்பம்' என்கிற என் அண்ணாவைப் போன்றவர்களின் கனவுக்கு இல்லை. அவர் இதைப் போன வருடம்தான் அறிந்தார். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நான் ஆர்ரா அங்கை?" என்றார்.

பெயர்க் கதையைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். தங்கராசா என்று பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறவர் பாஸ்போட்டில் தங்கராஜா, அடையாள அட்டையில் இன்னொன்று. என்னால் பத்திரத்தில் உள்ளதைத்தான் எழுதமுடியும், ஆள் விரும்புகிறதை அல்ல. திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்துக்கு மாதக்கணக்கில் அலையவேண்டும். ஆகவே சோதனை எழுதமுதல், ஏஜென்சிக்கு முற்பணம் கட்டமுதல், மூன்றையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அங்கே போனபிறகு வேறொரு வேடிக்கை இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வங்கியும் ஆஸ்பத்திரியும் வேலைத்தலமும் இவரை அப்பாவின் பெயரில்தான் கூப்பிடும். அண்ணா சொல்வார், அப்பா செத்து முப்பது வருடமாகியும் பாரிசில் தினமும் யாரோ அவரைக் கூப்பிடுகிறார்களாம்.

இதை வாசித்துவிட்டு, நான் வெளிநாட்டுக்குப் போவதற்கு எதிரானவன் என்று எண்ணவேண்டாம். அண்ணாவின் காசில்தான் என் படிப்பு, தங்கையின் கலியாணம், இந்தக் கணினியும். போகிறவர்கள் போகத்தான் வேண்டும். நான் கேட்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். 'எங்கை' என்று இல்லை, அது உறையிலேயே இருக்கிறது. 'அங்கை சரிவராட்டி எத்தினை மாதம் தாக்குப்பிடிப்பாய்?' 'இஞ்சை ஆருக்குக் கையெழுத்து அதிகாரம் குடுத்திருக்கிறாய்?' இந்த இரண்டுதான் முக்கியமாகக் கேட்பது. மற்றதெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

போன கிழமை ஒரு பிள்ளை தாயோடு வந்தார். கனடாவுக்குப் படிக்க. நல்ல கெட்டிக்காரி, கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில். கல்விக் கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு 22,895 டொலர் காட்டவேண்டும் என்பதும் தெரியும், 2023 வரைக்கும் அது பத்தாயிரமாக இருந்தது என்பதும் தெரியும். காட்டிய காசு யாருடையது என்று கேட்டேன். தாய் பிள்ளையைப் பார்த்தார். சித்தப்பா ஒருவர் மூன்று மாதத்துக்கு வங்கியில் போட்டுத் தந்திருக்கிறாராம், விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்படியென்றால் போய் இறங்கினபிறகு எதில் சாப்பிடுவாய் என்று கேட்டேன். "வேலை செய்வன்" என்றார். படிப்பு நடக்கிற காலத்தில் கிழமைக்கு இருபத்திநாலு மணித்தியாலத்துக்கு மேல் செய்ய விடமாட்டார்கள், அதில் அறை வாடகை தேறுமா என்று பார்த்தாயா என்றேன். பிள்ளை போனை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். உண்மையாகவே போட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் எழும்பிவிட்டார். "வெளிக்கிடேக்கை இப்பிடி மறிச்சு மறிச்சுக் கேக்கிறார்" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே பைலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பிள்ளை பாதிக் கணக்கோடு பின்னால் போனார். பஸ் நிலையத்தடியில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அங்கேதான் போயிருப்பார்கள். அவர் என்னைவிட வேகம், விலையும் இருநூறு ரூபாய் குறைவு.